துப்பாக்கியைத் திருத்தலாமா, கத்தியை விற்கலாமா? வணிகர்கள் அறிய வேண்டிய ஆயுதச் சட்ட விதிகள்

தராசு பழுதானால் நாம் கண்ட பட்டறையில் கொடுப்பதில்லை. எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம் கொடுக்கிறோம். அவர் சரி செய்த பிறகும் முத்திரை ஆய்வாளர் பார்த்து மறு முத்திரை குத்தினால்தான் அதைக் கல்லாப் பக்கத்தில் வைக்க முடியும். இது மளிகைக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த நடைமுறை. ஆனால் அதே மளிகைக்காரரின் வீட்டு அலமாரியில் அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்து, அதன் விசை இறுகிப் போனால், பழக்கமான லேத் பட்டறைக்காரரைக் கூப்பிடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

துப்பாக்கிக்கும் நம் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்தில் பச்சைத் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் ரொக்கமாகவே பணம் கைமாறிய காலம் உண்டு. சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும் சந்தைகளுக்கும் பணப்பையோடு போய் வந்த வியாபாரிகளில் வசதி உள்ளவர்கள் தற்காப்புக்கென்று உரிமம் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த உரிமங்களில் சில இன்றும் குடும்பங்களில் தொடர்கின்றன. மலையடிவாரத்தில் பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் நமக்கு உண்டு. இவை எதுவும் இல்லாத உறுப்பினரும் கடையில் கத்தி விற்கிறார், ஃபேன்சி ஸ்டோரில் பொம்மைத் துப்பாக்கியும் ஏர்கன்னும் விற்கிறார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் எல்லைக்குள் இவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் வருகின்றன.

முதலில், பலர் கேட்கும் ஒரு கேள்வி. துப்பாக்கியில் ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா போடலாம்? மேகசின் எனப்படும் தோட்டாக் கூட்டில் அளவுக்கு மேல் இடம் இருந்தால் அதைக் கடைக்காரர் அடைத்துக் குறைத்துத் தர முடியுமா?

வெளிநாடுகளில் இதற்கென்றே விதிகள் உண்டு. கனடாவில் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பெரிய ரகத் துப்பாக்கிகளின் மேகசினுக்குப் பொதுவாக 5 தோட்டா, கைத்துப்பாக்கிக்கு 10 என்பது உச்சவரம்பு. பெரிய மேகசினை விற்க வேண்டுமானால் உள்ளே எஃகு ஆணி அடித்தோ, பற்றவைத்தோ, எளிதில் கழற்ற முடியாதபடி அடைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1987-இல் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் நடந்த படுகொலைக்குப் பின் 1988-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சாதாரணச் சான்றிதழில் வைத்துக்கொள்ளும் சிதறுகுண்டுத் துப்பாக்கியில் மேகசின் இருந்தால் அது கழற்ற முடியாததாகவும் 2 தோட்டாவுக்கு மேல் கொள்ளாததாகவும் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். பெரிதாக இருந்ததைக் குறைத்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் காட்டி முத்திரையும் சான்றும் பெற வேண்டும். நம் தராசு முத்திரை போலத்தான். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை, புதிதாகத் தயாராகும் மேகசின் பத்துக்கு மேல் கொள்ளக் கூடாது என்று நாடு முழுவதற்கும் சட்டம் இருந்து காலாவதியானது. இப்போது சில மாநிலங்களில் மட்டும் தனி வரம்பு இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இந்த வழியில் போகவில்லை. 1959 சட்டத்தில் மேகசினுக்கு இத்தனை தோட்டா என்ற எண் கிடையாது. மேகசின் என்ற சொல் முக்கியமாக வருகிற இடம், தடை செய்யப்பட்ட ஆயுதம் எது என்று சொல்லும் விளக்கத்தில்தான். விசையை ஒரு முறை அழுத்தினால், கையை எடுக்கும் வரையிலோ மேகசின் காலியாகும் வரையிலோ குண்டு தொடர்ந்து பாயுமானால் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். மேகசின் சிறியதா பெரியதா என்பது அங்கே கணக்கில்லை, துப்பாக்கியின் இயக்கம்தான் கணக்கு. அதோடு குழலின் நீளம், தோட்டாவின் ரகம் ஆகியவற்றையும் சட்டம் பார்க்கிறது. வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது சாதாரண உரிமத்தில் வைத்துக்கொள்ளக் கூடிய வகையிலிருந்து விலகி, கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய வகைக்குப் போய்விடுகிறது. இராணுவமும் போலீசும் பயன்படுத்தும் .303, 9 மி.மீ. போன்ற தோட்டாக்கள் பொருந்தும் துப்பாக்கிகளும் அப்படியே. வணிகர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல், .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல். இரட்டைக்குழலில் மேகசினே இல்லை. குழலுக்கு ஒன்றாக இரண்டு தோட்டா, அவ்வளவுதான். நம் திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலை தயாரித்த 12 போர் பம்ப் ரகத்தில் மேகசின் உண்டு, ஆனால் அதற்கும் சட்டத்தில் தனி எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை.

அப்படியானால் வரம்பே இல்லையா? உண்டு, அது உரிமப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா கையிருப்பு வைக்கலாம், ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். ஆயுத வணிகர் விற்கும்போது புத்தகத்தைப் பார்த்து, அதில் பதிந்து, தம் கணக்கிலும் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். வாங்கியது, சுட்டது, மீதி என்ற கணக்கை நாமும் வைத்திருப்பது நல்லது. அரிசி மூட்டைக்கு இருப்புப் புத்தகம் வைக்கிற நமக்கு இது பெரிய வேலை அல்ல. கணக்கில் உதைக்கும் ஒரு தோட்டா, சோதனைக்கு வரும் அதிகாரிக்கு ஓராயிரம் கேள்விகளைக் கொடுக்கும்.

இப்போது திருத்துவது பற்றி. சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிக்கவோ, விற்கவோ, மாற்றி அமைக்கவோ, பழுது பார்க்கவோ, சோதித்துப் பார்க்கவோ கூடாது என்கிறது. அந்த வேலைகளுக்காகக் கையில் வைத்திருப்பதும் அதே பிரிவில் வருகிறது. 6-ஆம் பிரிவு இன்னும் குறிப்பானது: குழலின் நீளத்தைக் குறைக்கக் கூடாது, போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்கக் கூடாது. 2019 திருத்தச் சட்டம் இதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது. 2016 ஆயுத விதிகளில் சொன்ன ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் ஆயுதத்தின் பாகங்களையும் சட்டம் அடக்கியிருக்கிறது. ஆகவே மேகசினை மட்டும் கழற்றிக் கொடுத்தேன், துப்பாக்கி வீட்டில்தான் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கூட்டுவது தப்பு, குறைப்பது நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். மேகசினுக்குள் ஒரு கட்டையைச் செருகி எட்டுத் தோட்டாவை ஐந்தாக்கினால் ஆபத்து குறைகிறதே, அதில் என்ன குற்றம்? எந்தப் பக்கமாகத் திருத்தினாலும் அது திருத்தம்தான் என்று நாம் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அந்த வேலையைச் செய்கிற கை உரிமம் பெற்ற கையாக இருக்க வேண்டும். ஆயுத வணிகரும்கூட விற்பனைக்கு மட்டும் உரிமம் வைத்திருந்தால் போதாது. பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் அவர் உரிமத்தில் இடம் இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்டனையைச் சொன்னால் விஷயத்தின் கனம் புரியும். 5, 6 பிரிவுகளை மீறி மாற்றுபவர், பழுது பார்ப்பவர், விற்பவர் ஆகியோருக்கு 25-ஆம் பிரிவின்படி 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. அது ஆயுள் தண்டனை வரை போகலாம், அபராதமும் உண்டு. 2019-க்கு முன் இது 3 முதல் 7 ஆண்டு வரை என்றிருந்தது. முன்பு மேல்வரம்பாக இருந்தது இப்போது கீழ்வரம்பாகிவிட்டது.

நம் வட்டாரத்தில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. தோல் பதனிடும் இயந்திரங்களுக்கும் ஷூ கம்பெனி இயந்திரங்களுக்கும் உருளையும் ஷாஃப்டும் கடைந்து கொடுக்கும் கைதேர்ந்தவர்கள் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒரு ஸ்பிரிங் சுற்றுவதோ ஒரு ஆணி அடிப்பதோ அவர்களுக்கு அரை மணி வேலை. ‘பாய், இந்தக் குழலை ரெண்டு அங்குலம் வெட்டிக் கொடுங்க, பீரோவில் அடங்கவில்லை’ என்று நண்பர் என்ற உரிமையில் கேட்டால் அவரும் மறுக்க மாட்டார். கூலியாக நூறோ இருநூறோ வாங்கிக்கொண்ட அந்த மனிதர் ஏழாண்டு சிறைக்கு வழி தேடிக்கொள்கிறார். கொடுத்தவருக்கும் விடுதலை இல்லை. வாங்குகிறவர் சட்டப்படி தகுதி உள்ளவரா என்று பார்க்காமல் ஆயுதத்தை ஒப்படைப்பது 29-ஆம் பிரிவில் தனிக் குற்றம். நம்மை நம்பி ஒருவர் செய்து கொடுக்கும் வேலைக்கு அவர் குடும்பம் விலை கொடுக்கக் கூடாது.

துப்பாக்கியில் பொறித்த எண்ணும் அப்படித்தான். துருப் பிடித்திருக்கிறது என்று அரம் போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, எண் மங்கிவிட்டால் 8-ஆம் பிரிவு குறுக்கே வருகிறது. எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு வீட்டு வேலையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சரி, முறையாகப் பழுது பார்க்க எப்படி அனுப்புவது? முதலாளியே எடுத்துப் போவது நல்லது. முடியாவிட்டால், உரிமம் இல்லாத ஒருவரும் உரிமதாரரின் எழுத்து மூலமான அனுமதியோடு, பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ துப்பாக்கியைக் கொண்டு போகலாம் என்று 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. கடைப் பையனிடம் சாக்கில் சுற்றிக் கொடுத்து பஸ்ஸில் அனுப்புவதற்கும், கையெழுத்திட்ட கடிதமும் உரிமத்தின் நகலும் கொடுத்து அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம், வழியில் போலீஸ் நிறுத்தும்போது தெரியும். கடிதத்தில் தேதி, துப்பாக்கி எண், எந்தக் கடைக்கு, எதற்காக என்பன இருக்கட்டும்.

இனிக் கத்திக்கு வருவோம். நம்மில் மிகப் பலரைத் தொடுவது இதுதான்.

துப்பாக்கிக்குக் குழல் நீளம் போலக் கத்திக்கும் ஓர் அளவு உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி, கத்தி முதலிய கூர் ஆயுதங்களில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவற்றை ஆயுத விதிகள் தனி வகையாக வைத்திருக்கின்றன. இவற்றைச் செய்யவும் விற்கவும் உரிமம் வேண்டும். வெறுமனே வைத்திருப்பதற்கு, 4-ஆம் பிரிவில் அரசு அறிவிக்கை செய்த பகுதியில் மட்டும் உரிமம் தேவை. வீட்டு உபயோகம், விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவை இந்த வகையில் சேராது. அந்த விதிவிலக்கு இல்லாவிட்டால் நம் ஊரில் எந்தக் கடையும் திறக்க முடியாது. தோலின் உட்புறச் சதையை வழிக்கும் இருகைப்பிடிக் கத்தி 9 அங்குலத்தைத் தாண்டியது. பக்ரீத்துக்கு முன் விற்கும் கசாப்புக் கத்தியின் அகலம் பல சமயம் 2 அங்குலத்தைத் தாண்டுகிறது. ஆம்பூர் பிரியாணிக் கடைகளில் கறி வெட்டும் கத்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். இவை தொழில் கருவிகள், வீட்டுக் கருவிகள். பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கு. அலகைக் கால் அங்குலம் தேய்த்து எட்டேமுக்கால் ஆக்கிவிட்டால் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு நிற்காது. அறிவிக்கை மூலம் இதைவிடச் சிறிய அளவையும் அரசு கட்டுப்படுத்த முடியும். டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை பொத்தான் கத்தி, ஸ்பிரிங் கத்தி ஆகியவற்றுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தது. அதாவது மூன்று அங்குலக் கத்தியும் வழக்காகும். அந்த அறிவிக்கையை 2025-இல் உச்ச நீதிமன்றம் பரிசீலித்தது. விற்பனைக்காகவோ தயாரிப்புக்காகவோ வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டே குற்றப்பத்திரிகையில் இல்லை என்று சொல்லி, ஒருவர் மீதான வழக்கை ரத்து செய்தது. வாங்கி வைத்திருந்தவர் தப்பினார். அதே கத்தியைக் கடையில் அடுக்கி வைத்தவருக்கு அந்த வாதம் கிடைக்காது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு காலத்தில், ரவுடிகளிடம் இருந்த ஆயுதங்களைப் பறிமுதல் செய்யப் பெரிய நடவடிக்கை நடந்தது. அதைத் தொடர்ந்து கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகளுக்கும் விற்கும் கடைகளுக்கும் போலீஸார் நேரில் போய், வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்து வைக்கவும், கேமரா பொருத்தவும், விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டுமே விற்கவும் அறிவுறுத்தினார்கள். அப்போது இது நமக்குத் தொல்லையாகப் பட்டது உண்மை. ஒரு தேங்காய் வெட்டும் அரிவாளுக்கு முகவரி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். ஆனாலும் எந்தக் கத்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்று விசாரிக்க வரும் நாளில் நம்மைக் காப்பது அந்த ஒரு வரிதான். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். உபயோகம் என்ன என்பதையும் எழுதுங்கள்: கசாப்பு, தென்னந்தோப்பு, தோல் பட்டறை. அந்த உபயோகத்தின் பேரில்தான் விதிவிலக்கே நிற்கிறது. அலங்காரத்துக்கு என்று வரும் வாள், மடக்கினால் தெறித்துத் திறக்கும் கத்தி இரண்டையும் சரக்கில் எடுக்காமல் இருப்பது உத்தமம்.

ஏர்கன் விற்பவர்களுக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு உட்பட்டும், வெளிப்படும் விசை 20 ஜூலுக்கு உட்பட்டும் இருந்தால் வாங்குபவருக்கு உரிமம் வேண்டியதில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். குரங்குத் தொல்லை, பன்றித் தொல்லை என்று சொல்லி வாங்கிப் போனவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்து, ‘வேகம் பத்தலை, ஸ்பிரிங் மாத்திக் கொடுங்க’ என்பார். மாற்றிக் கொடுத்த நிமிடத்தில் அது 20 ஜூலைத் தாண்டிவிட்டால், உரிமம் தேவைப்படாத பொருளை உரிமம் தேவைப்படும் ஆயுதமாக மாற்றியவர் நாம் ஆகிவிடுகிறோம். பெட்டியில் வந்ததை வந்தபடி விற்போம். அதன் மேல் அச்சிட்ட அளவு பில்லிலும் வரட்டும். பொம்மைத் துப்பாக்கி பற்றியும் ஒரு வார்த்தை. பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடியதை, உண்மை ஆயுதமாக மாற்றவே முடியாததைத்தான் சட்டம் விட்டு வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் துப்பாக்கிக்குக் கவலையில்லை. கனமான இரும்பில், அசல் போல, குழல் துளையோடு வரும் சாமான்களை மொத்த வியாபாரி தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நாட்டு மருந்துக் கடை வைத்திருப்போரும், ஜவ்வாது மலை அடிவாரக் கடைக்காரர்களும் வெடியுப்பு, கந்தகம் கேட்டு வருவோரை அறிந்திருப்பார்கள். வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்குப் பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற வழி இருக்கிறது. அந்த உரிமத்தைக் காட்டாதவருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. இவற்றைக் கரியோடு கலந்து மருந்தாக்கினால் அது வெடிமருந்துத் தயாரிப்பு, அதற்கு வேறு சட்டம், வேறு உரிமம்.

கடைசியாகக் காகிதங்கள். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் 3 துப்பாக்கி வைக்கலாம் என்ற பழைய நிலை மாறி, 2 மட்டுமே வைக்கலாம். உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. தேசிய ஆயுத உரிமப் பதிவில் தனி அடையாள எண் பெறாத பழைய உரிமங்கள் 2020-க்குப் பின் செல்லாது. அதே 2019-இல்தான் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி உறுப்பினர்களுக்கு இப்போது உரிமம் தரும் அதிகாரி திருப்பத்தூர் கலெக்டர், மேல்விஷாரம், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ராணிப்பேட்டை கலெக்டர், பேரணாம்பட்டு உறுப்பினர்களுக்கு முன்போலவே வேலூர். பழைய புத்தகத்தில் வேலூர் முத்திரையோடு இருப்பவர்கள், தங்கள் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைப் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளட்டும். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும்போது வாங்கும் ரசீதையும் அதே உறையில் பத்திரப்படுத்துங்கள்.

தகப்பனார் காலமான வீடுகளில்தான் சிக்கல் அதிகம். உரிமம் அவர் பெயரில் இருந்தது, துப்பாக்கி பீரோவில் இருக்கிறது, மகன் சாவியை வைத்திருக்கிறார். காரியம் முடிந்த கையோடு அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். காலம் கடத்தினால் அது உரிமம் இல்லாத ஆயுதம், குறைந்தது 2 ஆண்டு சிறைக்குரியது. ஒப்படைத்த பின் வாரிசு தம் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். தகப்பனார் இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க 2016 விதிகள் வழி செய்திருக்கின்றன. அந்த வயதை எட்டிய பெரியவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள்.